மாலை நாலு மணிக்கு ஒரு பார்லிக் காப்பி

காப்பியை நிறுத்தச் சொன்னால் டாக்டரை மாற்றலாமா என்று யோசிக்கிற கூட்டம் நாம். நாக்பூருக்கு வந்து எத்தனை வருஷமானாலும் டபரா டம்ளரை மட்டும் விட்டதில்லை. போன வருஷம் என் மனைவிக்கு இரவில் தூக்கமில்லாமல் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, "காலையில் ஒரு காப்பி போதும். மத்தியானத்துக்கு மேல் வேண்டாம்" என்றார். உடம்பில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனாலும் மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டாள். ஆனால் மாலையில் எனக்கு மட்டும் கலந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பெண்ணின் கடிதம், பக்கத்து வீட்டு விசேஷம், கியாஸ் புக்கிங் எல்லாம் பேசி முடிப்பது அந்த நாலு மணியில்தான். எதிரே ஒரு டம்ளர் இல்லாமல் பேச்சு ஓடவில்லை. அப்படித்தான் பார்லியிடம் வந்தோம்.

தானியத்தை வறுத்துக் குடிப்பது புதிதில்லை. அமெரிக்காவில் போஸ்ட் என்பவர் 1895-லேயே கோதுமை, தவிடு, வெல்லப்பாகுக் கழிவு இவற்றை வறுத்து 'போஸ்டம்' என்று விற்றார். இத்தாலியில் பார்லிக் காப்பி உண்டு. ஜப்பானில் வறுத்த பார்லித் தண்ணீரைக் கோடையில் ஜில்லென்று குடிக்கிறார்கள். பார்லியில் காஃபீன் கிடையாது, வறுப்பதால் வரவும் வராது. மாவுச்சத்தும் புரதமும் சூட்டில் கருகிச் சிவப்பதால் வருவதுதான் அந்த நிறமும் வாசனையும்.

பிறகு ஏன் நம் வீடுகளில் இது ஒரு நாள் கூத்தோடு நின்றுவிடுகிறது? என் அபிப்பிராயம், கோளாறு அளவில்தான். ரயில்வேயில் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்து யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். கேஜ் வைத்துத்தான் பார்ப்பார்கள். சமையலறையிலோ "ரெண்டு ஸ்பூன் போடு" என்கிறோம். எந்த ஸ்பூன்? தலை தட்டியா, கோபுரமாகவா? உடனே கரைகிற பொடி என்றால் அது ஏற்கெனவே காய்ச்சி வடித்து உலர்த்திய சாரம், ஒரு டீஸ்பூன் தாராளம். வறுத்து அரைத்த பார்லியில் அதே ஒரு டீஸ்பூன் போட்டால் கழுநீர்தான் கிடைக்கும். எங்கள் வீட்டுச் சின்னத் தராசில், தலை தட்டிய ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி, ரவைப் பதப் பார்லி ஏறக்குறைய 7 கிராம் நின்றது. உங்கள் ஸ்பூனை ஒரு தடவை நிறுத்துப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இத்வாரியில் மளிகைக் கடைகளில் 'ஜௌ' என்று கேட்டால் தோலோடு கிடைக்கும். தோல் நீக்கிய பார்லியும் ஆகும். விதைக்கென்று விற்பதை மட்டும் வாங்கவேண்டாம், மருந்து கலந்திருக்கும். அடிகனமான இரும்பு வாணலியில் 200 கிராம் போட்டு, நிதானமான தீயில், கை விடாமல் கிளறவேண்டும். முதலில் சோளப்பொரி வாசனை, பிறகு படபடவென்று வெடிப்பு, அப்புறம் பழுப்பு. நீங்கள் நினைக்கிற நிறத்துக்குச் சற்று முன்னாலேயே இறக்கித் தாம்பாளத்தில் பரப்புங்கள். பிளாட்பாரம் வந்தபிறகா டிரைவர் பிரேக் போடுகிறார்? வாணலிச் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆறியதும் மிக்சியில் ரவைப் பதத்துக்கு மட்டும் உடையுங்கள். மாவாக அரைத்தால் வெந்நீரில் உப்பிக் கஞ்சியாகிவிடும். பித்தளை ஃபில்டரில் போட்டாலோ துளையெல்லாம் அடைத்து, ராத்திரி வரை சொட்டாது.

ஆகவே ஃபில்டரை மறந்துவிடுங்கள். இரண்டு டம்ளருக்கு 20 கிராம் பார்லி, 400 மில்லி தண்ணீர். கொதி வந்தபின் சிறுதீயில் 7 நிமிஷம், மூடி வைத்து 5 நிமிஷம், பிறகு மெல்லிய துணியில் வடிகட்டல். டிகாக்ஷனுக்குச் சேர்க்கிற மாதிரி பாலை ஊற்றினால் பார்லி மூழ்கிப்போகும். இரண்டு பங்கு பார்லி நீருக்கு ஒரு பங்கு கெட்டிப் பால்தான் கணக்கு. கசப்பு வேண்டுமென்றால் 20 கிராமில் 4 கிராம் சிக்கரி சேர்க்கலாம், அதிலும் காஃபீன் இல்லை. கடையில் 'காப்பி-சிக்கரி கலவை' என்பதைத் தூக்கி வந்துவிடாதீர்கள். அதில் பாதிக்கு மேல் காப்பிதான்.

முதல் நாள் அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு, "காப்பின்னு சொல்லாதீங்கோ. வேற பேர் வெச்சா குடிக்கிறேன்" என்றாள். நியாயம்தான். எங்கள் வீட்டில் இப்போது அதற்குப் பெயர் 'ஜௌ'. இரவில் தூக்கம் பரவாயில்லை. அதில் டாக்டரின் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, ஜௌவுக்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லமாட்டேன். நாலு மணிக்கு இரண்டு டம்ளர் வருகிறது.

இரண்டு எச்சரிக்கை. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பார்லியும் கோதுமையும் ஆகாது. அவர்கள் கேழ்வரகை இதே போல வறுத்துக்கொள்ளலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இதை டப்பாவில் வரும் இனிப்பான மால்ட் பானங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மே மாதத்துக்கு இன்னொரு வழி: வறுத்த பார்லியை உடைக்காமல் 30 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், 10 நிமிஷக் கொதி. வடிகட்டி ஆறவைத்து ஃபிரிஜ்ஜில் வையுங்கள். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும், மறுநாள் புளித்துவிடும்.