கொரிய நாட்டு அடை

ஒரு நாட்டின் இயல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டு அரண்மனைகளையும் கோட்டைகளையும் கண்டபின், எளிய குடிமக்களின் அடுக்களையையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே அடுப்பின்மேல் வேகும் உணவு, அம்மக்கள் எதனை விளைத்தனர், எதற்கு ஏங்கினர், யாரோடு பகிர்ந்துண்டனர் என்பனவற்றையெல்லாம் எடுத்துரைக்கும். கிழக்காசியாவில் உள்ள கொரிய நாட்டில் வீடுதோறும் சுடப்பெறும் அடை இதற்கு நல்லதொரு சான்றாகும்.

கொரிய மொழியில் இவ்வடைகளுக்கு ‘ஜொன்’ என்பது பொதுப்பெயர். காய், கீரை, காளான், மீன், இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றை மாவிலே கலந்தோ, மாவிலும் முட்டையிலும் தோய்த்தோ, எண்ணெயிட்ட கல்லில் இருபுறமும் பொன்னிறமாகச் சுட்டெடுப்பதே ஜொன் ஆகும். வெங்காயத்தாளைக் கொரியர் ‘பா’ என்பர்; ஆதலின், அது சேர்ந்த அடை ‘பாஜொன்’ எனப்படும். கோசுக்கீரையை உப்பிலிட்டு, மிளகாய்ப் பொடியும் பூண்டும் சேர்த்துப் புளிக்கவைக்கும் ஊறுகறிக்குக் ‘கிம்ச்சி’ என்று பெயர். அக்கறி நாட்பட்டு மிகப் புளித்துவிட்டால், அதனை எறிந்துவிடாமல் நறுக்கி மாவிற் கலந்து ‘கிம்ச்சிஜொன்’ ஆக்குவர். புளிப்பு மிகுந்த கிம்ச்சியே அவ்வடைக்கு மிக ஏற்றது. வீணாகும் என்று கருதிய பொருளும் கைத்திறத்தால் விருந்தாகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மழை பெய்யும் நாளில் அடை சுட்டு உண்பது கொரியர் வழக்கம். காய்ந்த எண்ணெயில் மாவு விழும்போது எழும் ஓசை, கூரையின்மேல் மழை விழும் ஓசையை ஒத்திருத்தலால், மழையைக் கேட்டவுடன் அடை நினைவுக்கு வருகின்றது என்று அவர்கள் கூறுவர்.

பாஜொன் செய்யும் முறை எளிது. ஒரு கிண்ணம் மைதா மாவுடன் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் விட்டுக் கரைத்தல் வேண்டும். கரைத்த மாவு கரண்டியிலிருந்து தடையின்றி ஒழுகும் பதத்தில் இருப்பது நன்று. வெங்காயத்தாளைக் கழுவி, நீர் வடியவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி அம்மாவிற் சேர்க்கலாம். விரும்புவோர் கணவாய், இறால், சிப்பி முதலிய கடலுணவுகளையும், கேரட், மிளகாய் முதலியவற்றையும் நறுக்கிச் சேர்ப்பர். மாவு மிகுதியாகவும் காய் குறைவாகவும் இருத்தல் கூடாது. காய்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அளவுக்கு மாவு இருந்தாற் போதும்.

இம்முறையில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு காரணம் உண்டு. கோதுமையில் உள்ள புரதம் நீரோடு கூடிப் பிசையப்படும்பொழுது பசைபோல் இழுபடும் தன்மை பெறுகின்றது. ரொட்டிக்கு அத்தன்மை வேண்டும். அடைக்கோ அது மிகுதல் ஆகாது. மிகுந்தால் அடை தோல்போல் இழுபடும். ஆதலின், மாவைச் சிறிதளவே கலக்கி நிறுத்துவர். குளிர்ந்த நீரும் அப்பசை விரைந்து உண்டாகாதவாறு தடுக்கின்றது. அரிசி மாவில் அப்பசை இல்லாமையால், அது சேர்ந்த அடை மொறுமொறுப்பாக அமைகின்றது.

இனிச் சுடும் முறையைக் காணலாம். அகன்ற கல்லை நன்கு காயவைத்து, அடி முழுவதும் பரவுமாறு எண்ணெய் ஊற்றுதல் வேண்டும். ஒரு துளி மாவை இட்டவுடன் அது பொரியுமானால் கல் பதமாயிற்று என்று அறியலாம். கல் காயுமுன் மாவை ஊற்றினால், அது எண்ணெயை உறிஞ்சிக் கனத்துப்போகும். ஊற்றிய மாவை மெல்லியதாகப் பரப்பி, ஓரம் சிவந்து, மேற்புறத்து ஈரம் வற்றும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பொறுமையின்றிப் புரட்டினால் அடை பிய்ந்துவிடும். புரட்டியபின் விளிம்பைச் சுற்றி மேலும் சிறிது எண்ணெய் விட்டு, மறுபுறமும் சிவக்கச் சுட்டெடுப்பர். சோயாச் சாற்றில் சிறிது காடியும் நறுக்கிய மிளகாயும் எள்ளும் கலந்த நீரே இதற்குத் தொடுகறி. அடையைத் துண்டுகளாக்கி ஒரே தட்டில் நடுவே வைக்க, வீட்டார் அனைவரும் சூழ்ந்திருந்து எடுத்துண்பர்.

அடை ஒன்றேயாயினும் நிலத்துக்கு நிலம் அது வேறுபடுகின்றது. கங்வொன் மாநிலம் மலைகள் நிறைந்தது. நெல் விளைவதற்கேற்ற சமநிலம் அங்குக் குறைவு. ஆதலின், அங்குள்ளோர் உருளைக்கிழங்கைத் துருவி அடை சுட்டனர். பக்வீட் என்னும் கூலத்தின் மாவைக் கரைத்தும் சுட்டனர். தென்கிழக்கே கடற்கரையில் உள்ள பூசான் நகரைச் சேர்ந்த தொங்நே என்னும் பகுதியிலோ, இளம் வெங்காயத்தாளை வெட்டாமல் நீளமாகப் பரப்பி, அரிசி மாவுக் கரைசலும் கடலுணவும் முட்டையும் சேர்த்து மூடிச் சுடுகின்றனர். வேனிற்பருவத் தொடக்கத்தில், ஒட்டரிசி மாவை வட்டமாகத் தட்டி, அதன்மேல் அசேலியா மலரின் இதழ்களைப் பதித்துச் சுடும் ‘ஹ்வாஜொன்’ என்னும் பூவடையும் உண்டு. மலையும் கடலும் பருவமும் ஒரு கல்லின்மேல் வந்து கூடுகின்றன எனலாம்.

பாசிப்பயற்றால் செய்யப்பெறும் ‘பிந்தேத்தொக்’ என்னும் அடை தனிச் சிறப்புடையது. தோல் நீக்கிய பயற்றைப் பல மணி நேரம் ஊறவைத்துச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, முளைகட்டிய பயறு, கிம்ச்சி, பன்றியிறைச்சி முதலியவற்றைக் கலந்து, தடிப்பாக வார்த்துச் சுடுவர். சியோல் நகரின் குவாங்ஜாங் சந்தையில், எந்திரக்கல்லில் பயற்றை அரைத்து, உடனுக்குடன் அடை சுட்டு விற்போரை இன்றும் காணலாம். இப்பயறு பழங்காலத்தில் இந்திய மண்ணிலே பயிராக்கப்பெற்றுப் பின்னர்க் கிழக்கு நாடுகளுக்குப் பரவியதாகும். தமிழ்நாட்டு மனைகளில் சுண்டலாகவும் பாயசமாகவும் ஆகும் அதே பயறு, கொரிய நாட்டில் அடையாகின்றது.

இவ்வடையின் பழைமைக்கு ஒரு பெண்மணி எழுதிய நூல் சான்று பகர்கின்றது. சாங் கியே-ஹியாங் என்னும் அவ்வம்மையார் 1598ஆம் ஆண்டு முதல் 1680ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். கற்றோர் சீன எழுத்தையே பெரிதாக மதித்த அக்காலத்தில், அவர் 1670ஆம் ஆண்டையொட்டிக் கொரிய எழுத்திலேயே ‘உம்சிக் திமிபாங்’ என்னும் சமையல் நூலை இயற்றினார். பாசிப்பயற்றை அரைத்து, நடுவே தேன் கலந்த பயற்றுப் பூரணம் வைத்து எண்ணெயில் சுடும் முறை அந்நூலில் உள்ளது. எழுபது வயதைக் கடந்து கண்ணொளி மங்கிய நிலையில் அரிதின் முயன்று எழுதிய அந்நூலைப் பெண்மக்கள் படியெடுத்துக் கொள்ளலாம் என்றும், மூலச்சுவடியை எடுத்துச் செல்ல எண்ணாமல் கெடாது காத்தல் வேண்டும் என்றும் அவர் இறுதியிற் குறித்துள்ளார். அடுக்களை அறிவும் ஏட்டிலே எழுதிப் போற்றத்தக்க அறிவே என்பதை அவ்வம்மையார் உணர்ந்திருந்தார்.

இன்று அடைக்குப் பயன்படும் கோதுமை மாவு, முற்காலக் கொரியாவில் கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. 1950ஆம் ஆண்டில் தொடங்கி 1953ஆம் ஆண்டில் ஓய்ந்த கொரியப் போர் நாட்டைப் பெரிதும் அழித்தது. அதன்பின் அமெரிக்க நாட்டு உதவியாக வந்த கோதுமை எங்கும் மலிந்தது. அரிசி போதாமையால், 1960ஆம் ஆண்டுகளில் தென்கொரிய அரசும் மாவுணவை உண்ணுமாறு மக்களை ஊக்கியது. ஒருபிடி மாவும், தோட்டத்து வெங்காயத்தாளும், சாடியிலுள்ள கிம்ச்சியும் இருந்தால் ஒரு குடும்பம் பசியாறலாம் என்னும் நிலை அக்காலத்தில் உண்டாயிற்று.

அடை வறியோர் உணவாக மட்டும் நின்றுவிடவில்லை. சந்திர ஆண்டின் எட்டாம் மாதத்து முழுநிலா நாளில் வரும் ‘சுசோக்’ என்னும் அறுவடைத் திருநாளிலும், புத்தாண்டு நாளிலும், கொரியர் தம் முன்னோர்க்குப் படையலிடுவர். மீன் துண்டங்கள், பூசணி வகைக் காய் வில்லைகள், காளான், இறைச்சி உருண்டை ஆகியவற்றை மாவிலும் முட்டையிலும் தோய்த்துச் சுட்ட அடைகள் அப்படையலில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளன. உறவினர் பலரும் கூடுதலின், முதல்நாளே கூடைகூடையாக அடை சுடுவது வழக்கமாயிற்று.

இங்கே எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. எண்ணெய்ப் புகையின் நடுவே பல மணி நேரம் குனிந்திருந்து அடை சுட்டோர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்டிரே, அவருள்ளும் மருமகளிரே. ஆடவர் பலர் ஓய்ந்திருந்து உண்டனர். இதனால் உடல் நோவும் மனக்கசப்பும் மிகவே, திருநாளால் வரும் நோய் என்று பொருள்படும் ஒரு சொல்லே கொரிய மொழியில் வழங்கலாயிற்று.

1398ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ‘சொங்கியுங்வான்’ என்பது கன்பூசிய நெறிக்குத் தலைமை நிலையமாகக் கொரியர் போற்றும் கல்விச்சாலை. சடங்குமுறைகளைக் காத்துவரும் அந்நிலையமே, 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சுசோக் படையலுக்கு எண்ணெயிற் சுட்ட பண்டங்கள் வேண்டுவதில்லை என்றும், ஒன்பது வகைக்கு மேற்படாமல் படைத்தாலே போதும் என்றும் அறிவித்தது. இக்கருத்தைப் புதியதாகப் புனைந்து கூறவில்லை. 1548ஆம் ஆண்டு முதல் 1631ஆம் ஆண்டு வரை வாழ்ந்த கிம் சாங்-செங் என்னும் சடங்குநூல் வல்லுநர், எண்ணெயிற் பொரித்த பண்டங்களைப் படைத்து வழிபடுதல் முறையன்று என்று எழுதியிருத்தலை அந்நிலையத்தார் சான்று காட்டினர். பெண்டிரின் தோளை வருத்திய அடைக்குன்று, முன்னோர் இட்ட கட்டளையன்று. பின்வந்தோர் பெருமைக்காகச் சேர்த்துக்கொண்ட சுமையே என்பது அதனால் புலனாயிற்று.

அதனால் அடை மறைந்துவிடவில்லை. விரும்பும் வீட்டார் இன்றும் திருநாளில் அதனைச் சுடுகின்றனர். ஒருவர் காய் நறுக்க, ஒருவர் மாவு கரைக்க, மற்றொருவர் கல்லின்முன் நிற்க, அனைவரும் கூடிச் செய்யும் வீடுகளும் உள. அத்தகைய வீட்டில் அடை சுடுவது விளையாட்டைப்போல் இனிக்கும். ஒரே தட்டைச் சூழ்ந்திருந்து உண்ணும் பண்பு போற்றத்தக்கது. அத்தட்டை நிரப்பும் உழைப்பிலும் அனைவரும் பங்குகொள்வார்களாயின், அப்பண்பு முழுமை பெறும்.