தாடைக்குள் எலும்பு வளரும் காலம்

சுள்ளிக்கல்லிலிருந்து கருவேலிப்படி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம்; ஆயினும், வலியென்பதே இல்லாமல் தாடை ஒருபுறம் மெல்ல உப்பிவருவதற்காக அவ்வளவு தூரம் நடக்கவும் நம்மவர்க்கு மனம் வருவதில்லை. சொத்தையால் உயிரிழந்த பல்லின் வேர்நுனியில், பல் உருவான காலத்திலிருந்து எஞ்சிநின்ற உயிரணுக்கள் அழற்சியால் கிளர்ந்து பெருகி, நீர் நிறைந்த பையாகி, சுற்றியுள்ள எலும்பை ஆண்டுக்கணக்கில் கரைத்துக்கொண்டிருக்க, மேலே மூடிய எலும்பு முட்டையோடுபோல் மெலிந்து விரலழுத்தத்துக்கு நொறுங்கும் தருவாயில்தான் பலர் வைத்தியரை நாடுகிறார்கள்.

இந்த நீர்க்கட்டியை உறையோடு பெயர்த்தெடுத்து ஈறைத் தைத்துவிடுவது ஒரு முறை. கட்டி மிகப் பெரிதாகி, நரம்பையோ முளைக்கவேண்டிய பல்லையோ ஒட்டிக் கிடக்குமாயின், அதில் ஒரு திறப்பு அமைத்து, உள்ளழுத்தம் நீங்கிய குழி தானே சுருங்கும்படி விடுவது மற்றொன்று. 1892-இல் ஜெர்மானிய ரணவைத்தியர் கார்ல் பார்ட்ஷ் எடுத்துரைத்த இம்முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இதில் நோயாளியின் பங்கும் பெரிது: ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும், ஒதுங்கிய பருக்கை போக, உப்புநீரைப் பீச்சிக் குழியைக் கழுவ வேண்டும், மாதக்கணக்கில்.

கட்டியை எடுத்தபின் எஞ்சும் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு, சுவர்கள் சிதையாத குழிகளில் பெரும்பாலும் ஒன்றுமே வேண்டாம் என்பதே விடை. சரீரத்தின் இந்த ஆற்றல் என்னை இன்னும் வியப்பில் ஆழ்த்துகிறது. குழியில் ஊறிய இரத்தம் உறைகிறது. எலும்புச் சுவர்களிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் அவ்வுறைவுக்குள் புகுகின்றன. அவற்றைத் தொடர்ந்து மென்திசுவும், பின்னர் ஒழுங்கற்ற இளம் எலும்பும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து, காலப்போக்கில் உறுதியான அடுக்குகளாகத் திருத்தம் பெறுகின்றன. எக்ஸ்-ரே படத்தில் கருநிழல் ஓரங்களிலிருந்து குறுகி வருவது இதனாலேயே. சிறிய குழி ஏறக்குறைய ஓராண்டில் தூர்ந்துவிடும். பெரியதற்கு இரண்டாண்டுக்கு மேலும் ஆகலாம். நீரிழிவு கட்டுப்படாதவர்க்கும் புகைபிடிப்பவர்க்கும் தாமதம் மிகும். மிகப் பெரிய குழியில் இரத்த உறைவு சிதைந்து சீழ்பிடிக்கும் அபாயமும் உண்டு. அத்தகைய இடத்தில் எலும்புத்துகள் இட்டு நிரப்புவோரும் உளர்.

எல்லாக் கட்டிகளும் இவ்வாறு சாதுவானவை அல்ல. 1956-இல் டென்மார்க்கின் பிலிப்சன் பெயரிட்ட கெரட்டோசிஸ்ட் என்பதன் உறை மிக மெல்லியது. எடுக்கும்போதே கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை விட்டுச் சென்று, பல்லாண்டுக்குப் பின் மறுபடி தலைதூக்கும். ஆகையால் எடுத்த உறையைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பாமல் எறிவது பெரும்பிழை. இக்கட்டிதான் என்று அறிக்கை வந்தவர், தாடை முற்றும் தேறி, மெல்லுவதில் குறையொன்றும் தோன்றாத போதும், ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஆண்டுதோறும் படமெடுத்துக் காட்ட வேண்டும்.