பீடியும் பாதமும்



குத்தாலம் வட்டார ஊர்களில் உழைப்பாளியின் முதலீடு அவனுடைய இரு கால்களே. நாற்றங்காலில் இறங்கவும் வரப்பில் சுமையோடு நடக்கவும் அவை வேண்டும். நடவுக் காலத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதும், சேற்றைவிட்டு ஏறியபின் அது ஆறுவதும் நாம் அறிந்தவை. ஆனால், அறுவடை முடிந்தும் ஆறாமல், இரவெல்லாம் உறங்கவிடாமல் வலிக்கும் விரல்நுனிப் புண் ஒன்று உண்டு. பீடி பிடிக்கும் இளவயதினரின் பாதத்தில் அது தோன்றினால், சேற்றுப்புண் என்றெண்ணிக் களிம்பு தடவிக் காலங்கடத்துதல் தகாது. அது இரத்தக்குழாய் நோயின் அடையாளமாக இருக்கக்கூடும்.

1879-ஆம் ஆண்டில் வினிவார்ட்டர் என்னும் ஆஸ்திரிய மருத்துவர் இந்நோயை விவரித்தார். 1908-இல் நியூயார்க் நகரில் லியோ பர்ஜர் என்பவர், நோயுற்று வெட்டியெடுக்கப்பட்ட கால்களை ஆராய்ந்து இதன் தன்மையைத் தெளிவுபடுத்தினார். எனவே இது ‘பர்ஜர் நோய்’ எனப் பெயர் பெற்றது. மேலைநாடுகளில் இன்று அரிதாகிவிட்ட இந்நோய், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

நோய் செயல்படும் விதம் என்ன? கை கால்களிலுள்ள சிறிய, நடுத்தரத் தமனிகளிலும் சிரைகளிலும் அழற்சி உண்டாகிறது. அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. முதியோருக்குக் கொழுப்புப் படிவதால் வரும் அடைப்பு வேறு, இது வேறு. பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதிற்குள் தொடங்கும் இந்நோய்க்கு ஆளானோர் ஏறக்குறைய அனைவரும் புகையிலை பயன்படுத்துவோரே.

முதலில், சற்றுத் தூரம் நடந்தாலே பாதமோ கெண்டைக்காலோ வலிக்கும். நின்றால் வலி தணியும். பாதம் சில்லிட்டு நிறம் மாறும். தோலின் கீழ் நரம்புபோல் சிவந்து தடித்த கோடுகள் தோன்றி மறையலாம். பின்னர் ஓய்விலும் வலி ஓயாது. படுக்க இயலாமல், கட்டிலில் காலைத் தொங்கவிட்டபடி இரவைக் கழிப்போரை இல்லங்களைச் சந்திக்கையில் நாம் கண்டதுண்டு. இந்நிலையில் சிறு முள் குத்தினாலும் புண் ஆறாது. விரல் கறுத்து அழுகத் தொடங்கும்.

சிகிச்சை இல்லையா? உண்டு. மருத்துவர் நாடியைத் தொட்டுப் பார்த்து, சர்க்கரை நோய் உண்டா என ஆராய்ந்து, டாப்ளர், ஆஞ்சியோகிராம் முதலிய சோதனைகளால் அடைப்பைக் கண்டறிவார். குழாயை விரிக்கும் ஐலோபிராஸ்ட் மருந்து சிலருக்கு வலியைக் குறைக்கும். இடுப்புப் பகுதியில் பரிவு நரம்பைத் துண்டித்துத் தோலின் இரத்த ஓட்டத்தைப் பெருக்குவதும் உண்டு. குடலை மூடிய கொழுப்புத் திரையைக் காலுக்குக் கொண்டுவந்து பொருத்தும் அறுவையும் நம் நாட்டில் செய்யப்பட்டுள்ளது. இதயத்திற்குச் செய்வதுபோன்ற மாற்றுவழி அறுவை இங்கே பலருக்கும் இயலுவதில்லை. அடைப்பிற்கு அப்பால், ஒட்டுவதற்கு நல்ல குழாயே எஞ்சியிராது என்பதே காரணம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரத்தக்குழாய் அறுவைக்கெனத் தனித்துறை இயங்குகிறது.

எனினும், புகையிலை தொடரும்வரை இவற்றுள் எதுவும் காலைக் காக்காது. வெட்டிய விரலுக்குப் பின் பாதம், பாதத்திற்குப் பின் முழங்கால் என அறுவை ஏறிக்கொண்டே போகும். மாறாக, அழுகல் தொடங்குமுன் புகையிலையை முற்றிலும் விட்டவர்களுக்குக் காலை வெட்டும் நிலை மிக அரிதாகவே நேர்கிறது. “நாளைக்கு ஒன்றுதானே” என்னும் சமாதானம் இங்கே செல்லாது. ஒரே பீடியும் நோயை உயிரோடு வைத்திருக்கும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படியே. நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசையையும் மருத்துவரைக் கேளாமல் நாடலாகாது.

இங்கேதான் குடும்பத்தின் கடமை தொடங்குகிறது. நோயாளியை ஏசுவதால் பழக்கம் விடாது. வீட்டில் தந்தையோ அண்ணனோ பீடி பற்றவைத்துக்கொண்டு, இவரை மட்டும் விடச் சொல்வது நியாயமா? அனைவரும் சேர்ந்தே விடுவோம். கட்டணமின்றி ஆலோசனை தரும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. சில்லிட்ட காலை நெருப்பில் காய்ச்சுதலும் வெந்நீரில் முக்குதலும் வேண்டா. உணர்வு குன்றிய தோல் வெந்துபோகும். செருப்பின்றி நடப்பதைத் தவிர்க்கச் செய்வோம். ஆறாத புண்ணை இரண்டு வாரத்திற்குமேல் வீட்டில் வைத்திராமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.

கையிலுள்ள பீடியை இன்று எறிபவர், அடுத்த நடவிற்குத் தம் கால்களிலேயே வயலில் இறங்கலாம்.