வெந்நீர் ஊற்றும் விருந்தினர் ஒழுக்கமும்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் தொழில்நகரம். 1980களில் இங்கு டி.வி.எஸ். நிறுவனம் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து இருசக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. அக்கூட்டு 2001இல் முடிவுற்றது. ஆயினும் தொழிற்கல்வி பெற்ற இளைஞர் பணிக்கும் பயிற்சிக்கும் ஜப்பான் செல்வது நின்றுவிடவில்லை. செல்வோர் அந்நாட்டு மொழிக்கும் உணவுக்கும் குளிருக்கும் ஓரளவு ஆயத்தமாகின்றனர். குளியலுக்கு ஆயத்தமாவோர் அரியர்.

சுசுகியின் தலைமையிடமான ஹமமட்சு நகரில், ஹமனா ஏரிக்கரையில், கன்சாஞ்சி என்னும் வெந்நீர் ஊற்றுத் தலம் உள்ளது. இத்தகைய தலங்களுக்கு உடன் பணிபுரிவோரை அழைத்துச் செல்வது ஜப்பானியரின் அன்பு முறை. போவதா, மறுப்பதா, போனால் எவ்வாறு ஒழுகுவது என்னும் வினாக்கள் அப்போதுதான் எழுகின்றன. அவற்றுக்கு முன்கூட்டியே விடை காண்பது நலம்.

ஊற்றின் இயல்பு

இயற்கை வெந்நீர் ஊற்றை ஜப்பானியர் 'ஒன்சென்' என்பர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊற்றுக்கண்ணில் 25 பாகை செல்சியசு வெப்பமேனும் இருத்தல் வேண்டும். அன்றேல், குறிக்கப்பட்ட 19 பொருள்களுள் ஒன்றேனும் உரிய அளவில் கலந்திருத்தல் வேண்டும். அந்நாட்டில் 27,000க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. நிலத்தட்டு ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் இடத்தில் அத்தீவுகள் அமைந்திருப்பதால் எரிமலைகள் மிகுதி. மண்ணுள் இறங்கிய மழைநீர் அவ்வெம்மையால் சூடேறி, உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலெழுகின்றது. கிருஷ்ணகிரி மலைகளோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய, என்றோ ஆறிப்போன பாறைகள். எனவேதான் நம் மாவட்டத்தவர்க்கு இது பழகாத அனுபவமாகின்றது.

ஊற்றுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. குசட்சு ஊற்றின் நீர் கடும் அமிலத் தன்மையும் கொதிப்பும் உடையது. தண்ணீர் கலந்தால் வீரியம் குறையும் என்று கருதி, நீண்ட பலகைகளால் துழாவியே அதனை ஆற்றுவர். மட்சுயாமா நகரின் டோகோ ஊற்றோ பழம்பெருமை மிக்கது; அதன் மரத்தாலான முதன்மைக் கட்டடம் 1894இல் எழுந்தது.

வாயில் முதல் நீர் வரை

வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டுக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். பின்னர் இரு வழிகளில் துணித்திரைகள் தொங்கும். பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தை மட்டும் நம்பாது, ஆண், பெண் என்பவற்றைக் குறிக்கும் எழுத்துகளை அறிந்து செல்வது பாதுகாப்பு.

உள்ளே உடை மாற்றும் அறையில் ஆடை முழுவதையும் களைந்து கூடையில் வைப்பர். கையில் எஞ்சுவது சிறு துண்டு ஒன்றே. அடுத்த கூடத்தில் தாழ்ந்த மணைகளும் வாளிகளும் நீர்க்குழாய்களும் இருக்கும். மணையில் அமர்ந்து, அருகிலிருப்போர் மேல் தெறிக்காதவாறு, சோப்பிட்டுத் தேய்த்து, நுரை சிறிதும் எஞ்சாமல் கழுவுதல் வேண்டும். அழுக்கு நீங்கிய பின்னரே தொட்டியில் இறங்குவது முறை. அந்நீர் அனைவர்க்கும் பொது என்பதே இதன் காரணம். பள்ளிவாசல் தடாகத்திலும் கோயில் குளத்திலும் பொதுநீரைப் பேணும் நமக்கு இவ்விதி விளங்குவது அரிதன்று.

தொட்டிநீர் பெரும்பாலும் 40 முதல் 42 பாகை வரை இருக்கும். உடல்மேல் சிறிது நீரை மொண்டு ஊற்றிப் பழக்கிய பின் மெல்ல இறங்குக. துண்டு நீரில் படலாகாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வர். நீந்துதலும் உரக்கப் பேசுதலும் கூடா. முதன்முறை செல்வோர்க்கு ஐந்து அல்லது பத்து நிமிடம் போதும். மது அருந்தியோரும் வயிறு நிறைய உண்டோரும் உடனே இறங்குதல் ஆகாது. இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். கந்தக நீரில் வெள்ளி கறுக்கும். மோதிரத்தையும் அரைஞாணையும் முன்பே கழற்றிவிடுக.

நாணமும் மாற்று வழியும்

முழு ஆடையும் களைதல் நம்மவர்க்குப் பெருந்தடை. குற்றாலத்திலும் ஒகேனக்கல்லிலும் துணியுடுத்தே நீராடுகின்றோம். பிறர் முன்னிலையில் ஆணும் தொப்பூழுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உடலை மறைத்தல் வேண்டும் என்பது இஸ்லாமிய நெறி. துருக்கிய ஹம்மாம் குளியலிலும் இடையில் துணி உண்டு. ஆதலின் தயங்கும் இளைஞரைக் கோழை என்பது பொருந்தாது.

அந்நாட்டிலேயே இதற்கு வழிகள் உள. மணிக்கணக்கில் தனியே வாடகைக்குக் கிடைக்கும் குளியலறைகள் பல தலங்களில் உண்டு. சில விடுதிகள் அறையோடு தனித் தொட்டியும் தருகின்றன. தெருவோரத்தில் கால்களை மட்டும் நனைக்கும் 'அஷியு' என்னும் வெந்நீர்த் தொட்டிகளும் உள. "எங்கள் வழக்கம் வேறு, தனியறை இருப்பின் மகிழ்ச்சி" என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் எவரும் வருந்தார். ஆடையுடன் பொதுத் தொட்டியில் இறங்குவதே வருத்தம் தரும்.

உடலில் பச்சை குத்தியவர்க்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. அங்குக் குற்றக் கும்பல்களின் அடையாளமாக அது கருதப்பட்டமையே காரணம். 2013இல் நியூசிலாந்தின் மாவோரி மூதாட்டி ஒருவர், முகத்தில் தம் இன மரபுப்படி குத்தியிருந்த பச்சைக்காக ஹொக்கைடோவில் திருப்பி அனுப்பப்பட்டார். நம் பாட்டிமாரின் கைகளில் கோலமாய் விளங்கும் பச்சையும் அங்கே அவ்வாறே பார்க்கப்படலாம்.

நமக்கு அருகில்

தமிழர் அறிந்த வெந்நீர் ஊற்று திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா. வெவ்வேறு வெப்பமுடைய ஏழு கிணறுகள்; மக்கள் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வர். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்பது ஐதிகம். பீகாரின் இராஜகிரியில் பிரம்ம குண்டமும், சூஃபி ஞானி மக்தூம் ஷரபுத்தீன் பெயரோடு வழங்கும் மக்தூம் குண்டமும் உள்ளன. நீர் ஒன்றே, அதனை அணுகும் முறையே ஊருக்கு ஊர் வேறு.

ஒட்டாரு தரும் பாடம்

விருந்தினர்க்கு மட்டுமன்று, விருந்தோம்புவோர்க்கும் கடமை உண்டு. ஹொக்கைடோவின் துறைமுக நகரான ஒட்டாருவில், அயல்நாட்டு மாலுமியர் சிலரின் முறைகேட்டால் வெறுப்புற்ற குளியலகம் ஒன்று, வெளிநாட்டவர் எவருக்கும் இடமில்லை என அறிவித்தது. ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஒருவரையும், தோற்றம் கண்டு விலக்கியது. மூவர் வழக்குத் தொடுத்தனர். 2002இல் சப்போரோ நீதிமன்றம் அது முறையற்ற வேற்றுமை எனக் கண்டு, ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் யென் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

சிலர் செய்த பிழைக்கு, எப்பிழையும் செய்யாத பலர் வாயிலில் நிறுத்தப்பட்டனர். அயல்நாடு செல்லும் மாணவர் ஒருவரின் நடத்தை, அவருக்குப் பின் வருவோரின் வழியைத் திறக்கவும் கூடும், அடைக்கவும் கூடும். வேலை தேடிப் பல மாநிலத்தார் வந்து தங்கும் ஓசூரில் வாழும் நாமும், ஒருவர் செயலைக் கொண்டு ஓர் இனத்தை அளக்கும் பிழையைச் செய்யாதிருத்தல் வேண்டும். தம் நெறியை இழவாமலும் பிறர் முறையைப் பழியாமலும் வாழக் கற்றவர்க்கு எந்நாட்டு நீரும் இனியதே.