ஏறுவது ஜீப், இறங்குவது டிரைவர்

பினாங்கில் பனி பெய்ததில்லை. ஐஸ் கச்சாங்கில் துருவிப் போடுகிற ஐஸ்தான் நாங்கள் கண்ட பனி. ஆனாலும் பனிச்சாலையில் வண்டி ஓட்டுவதைப் பற்றி எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது எங்கள் கொடிமலைதான்.

தாவரவியல் பூங்கா வாசலருகே தொடங்கி மலையுச்சி வரை சுமார் 5 கிலோமீட்டர் போகிறது ஜீப் ரோடு. ஜாலான் துங்கு யாஹ்யா பெத்ரா என்று ஒரு பெயர் அதற்கு உண்டு. நான் கேட்ட வரையில் எல்லோருக்கும் அது ஜீப் ரோடுதான். அனுமதி பெற்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மட்டுமே ஏறலாம். மற்றவர்கள் நடக்கலாம், இல்லையென்றால் ஆயர் ஈத்தாம் பக்கம் போய், 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலைப் பிடிக்கலாம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் மலை பல இடங்களில் சரிந்தபோது, ரயில், ரோடு இரண்டுமே முடங்கின.

ஓர் அக்டோபர் காலை, மழை விட்ட கையோடு, மேலே சாமான் ஏற்றும் ஒரு தமிழ் டிரைவரோடு போனேன். மரங்கள் மூடிய அந்த ரோட்டில் வெயில் சரியாக விழுவதில்லை. ஓரமெல்லாம் பச்சைப் பாசி, அதன்மேல் ஊறிய இலைகள். நடக்கிறவர்களே குச்சி ஊன்றித்தான் வந்தார்கள். செங்குத்தான ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பெரிய கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டி லிவரை டிரைவர் இழுத்துப் போட்டார்.

“லோவுல போட்டாச்சி தம்பி. இனிமே வண்டி எருமை மாதிரி போவும். அவசரப்படுத்தக் கூடாது லா.”

இந்த மாதிரி பழைய ஜீப்புகளில் அந்த லிவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பாசியில் வழுக்கினாலும் முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் இப்படிப் பூட்டிக்கொண்டு திரும்பினால் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். திருப்பத்தில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாது. வழுக்கும் தரையில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த முறுக்கை விட்டுவிடுகிறது. பாசியானாலும் பனியானாலும் கணக்கு இதுதான்.

ஏறும்போது கவலை இல்லை. வம்பு இறங்கும்போதுதான். எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஃபோர் வீல் என்பதால் ஐந்தாவது பிரேக் கிடைத்துவிடாது. பிடிப்பைத் தருவது டயர். மொன்ட்ரியலில் இருக்கும் என் மாமா மகன் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டான். முதல் குளிர்காலத்தில் பெரிய ஃபோர் வீல் வண்டி வாங்கிய தெம்பில் போனவன், சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தான். வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய் நடைபாதையில் ஏறி நின்றது. “கிளம்புறதுல ராஜா மச்சான், நிக்கிறதுல எல்லாரையும் போலத்தான்” என்றான் போனில். குவெபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஃபோர் வீலுக்கும் விலக்கு இல்லை. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் விறைத்துவிடும், குளிர்கால டயரின் ரப்பர் இளகியே இருக்கும். என்னைக் கேட்டால், விளம்பரங்களில் பனியைக் கிழித்துக்கொண்டு பாயும் வண்டியைக் காட்டுகிறவர்கள், அது நிற்பதையும் ஒருமுறை காட்ட வேண்டும்.

எங்கள் டிரைவர் இறங்கும்போதும் அதே லோ கியர்தான். இன்ஜினே நான்கு சக்கரத்தையும் பிடித்து வைத்திருந்தது; முனகல் சத்தம் காது வரை ஏறியது. பிரேக்கைத் திருப்பங்களில் மட்டும் லேசாகத் தொட்டார். வழியெல்லாம் அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, கருகல் நாற்றம் வந்து, மிதித்தாலும் பிடிக்காமல் போய்விடும்.

பூங்கா வாசலில் வண்டியை நிறுத்தியவர், “சக்கரத்துப் பக்கம் கைய வெச்சிப் பாரு” என்றார். தயங்கித் தயங்கி விரலை நீட்டினேன். தேத்தாரே டம்ளர் அளவுக்குக்கூட சூடில்லை.