பழைய ஊர்திகளும் கறட்காப்புப் பூச்சும்

இரும்பு ஈரத்தோடும் ஒட்சிசனோடும் கூடுமிடத்துக் கறள் பிறக்கும். ஈரத்தில் உப்புக் கலந்திருப்பின் அது விரைந்து பெருகும் என்பது கடலோரத்தார் நன்கறிந்ததே. அலுமினியத்தின் ஒட்சைட்டுப் படலம் தன் உலோகத்தை மூடிக் காக்கின்றது. கறளோ நுண்டுளைகள் மலிந்தது. தான் பிறந்த இரும்பினும் மிகுந்த இடங் கொள்வதால் மேற்பூச்சையும் பெயர்த்துவிடும். ஆகவே, கறளின்மேற் பூசிய வர்ணம் நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. உப்பை நன்னீராற் கழுவி, உலர்த்தி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தல் வேண்டும். பின்னர் நாகத்தூள் செறிந்த அடிப்பூச்சே சிறந்தது. நாகம் இரும்பினும் எளிதில் ஒட்சியேறுவதாதலின், கீறல் விழுந்தவிடத்தும் தான் அழிந்து இரும்பைக் காக்கும். முன்னாளிற் பெரிதும் வழங்கிய ஈயச்செந்தூரப் பூச்சு நஞ்சுடையது. பழைய பூச்சைச் சுரண்டுவோர் அதன் தூளுக்கு அஞ்சவேண்டும்.

அடிப்பூச்சும் எட்டாத இடமுண்டு. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலே பாரந் தாங்குகின்றது. கதவுகளின் கீழுள்ள பெட்டிவடிவான பகுதிகள் உள்ளிருந்தே அரிபடும். அங்கே துளைவழியாக மெழுகு கலந்த எண்ணெயைச் செலுத்தி, நீர் வடியும் வழிகளையும் அடைபடாது காத்தல் வேண்டும். சிறு சுத்தியலால் தட்டும்போது தகடு பொடிந்து உதிருமாயின் பூச்சுக்குரிய காலம் கடந்துவிட்டது. புதுத்தகடு உருக்கி ஒட்டுவதே செய்யத்தக்கது.