மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல்: ஒரு மாணவியின் ஆய்வு நமக்குச் சொல்வது

"கிருமியப் பத்திப் படிக்கிறியாமே, அப்ப நீ ஊசி போடுற டாக்டர் இல்லையா தம்பி?" சூரியநெல்லித் தோட்டத்து லயங்களில் என்னிடம் இப்படிக் கேட்காத பெரியவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாம் பார்ப்பது மருத்துவரை, செவிலியரை, மருந்துச் சீட்டை. நம்ம ரத்தமும் சளியும் போய்ச் சேருகிற அறையை நாம் பார்ப்பதில்லை. அந்த அறையில் நடக்கும் வேலைதான் நுண்ணுயிரியல். கொழுந்து கிள்ளிப் பிழைத்த குடும்பத்திலிருந்து அந்த அறைக்குள் போனவன் என்ற உரிமையில், அந்தத் துறையைப் பற்றி இந்த மலரில் நம் மக்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

படிப்பும் ஆய்வேடும்

எம்.பி.பி.எஸ். படிக்கிற எல்லோரும் நுண்ணுயிரியல் பாடத்தைப் படித்துத் தேற வேண்டும். அதன்பின் விரும்பியவர்கள் மூன்று ஆண்டுகள் எம்.டி. படிக்கலாம். அறிவியல் பட்டம் பெற்றவர்களுக்குச் சில மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவ நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. உண்டு. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி, இவற்றோடு நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆகியவையே பாடங்கள்.

எம்.டி. மாணவர் ஓர் ஆய்வேடு கொடுத்தே ஆக வேண்டும். பலர் இதைப் பரீட்சைக்கான ஒரு சடங்கு என்றே நினைப்பார்கள். அப்படி எழுதப்பட்ட ஓர் ஆய்வேடுதான் இந்தியாவின் மருத்துவ வரலாற்றை மாற்றியது. அது நடந்தது நம் சென்னையில்.

1986இல் நடந்தது

எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்குக் காரணமான வைரஸை 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். "இது மேல்நாட்டுக்காரன் வியாதி, நம்ம பண்பாட்டில் வராது" என்பதே அன்று இங்கே பலருடைய எண்ணம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அதை அப்படியே நம்பிவிடவில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாமே என்று, தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு இதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா அதுவரை எலிக்காய்ச்சல் கிருமியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர்.

மயிலாப்பூரில் அரசுக் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா ரத்தம் சேகரித்தார். கையுறை போன்ற பாதுகாப்புச் சாதனங்கள்கூட இல்லை. மூன்று மாதத்தில் 80க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. பிரித்தெடுத்த ரத்தநீர் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே இருந்தது. சோதித்துப் பார்க்கச் சென்னையில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில், ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து, கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே வைரஸ் துறைத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின.

யாரும் எதிர்பார்க்காத முடிவு. உடனே அறிவித்துவிடவில்லை. மறுபடி காப்பகத்துக்குப் போய் ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு சோதனையாலும் உறுதி செய்துகொண்டார்கள். அதன்பிறகே அரசுக்குத் தகவல் போனது. அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் சான்று இதுதான். நிர்மலா 1987இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, பிறகு கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் பணியாற்றினார். சுனிதி சாலமன் கடைசிவரை எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே உழைத்து 2015இல் மறைந்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது.

மஞ்சள் நிறம் எப்படி வந்தது?

அந்தச் சோதனையின் பெயர் எலைசா. ஒரு கிருமி உள்ளே நுழைந்தால், அதைப் பிடிக்க உடம்பு எதிர்ப்பொருளைச் செய்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, அந்தக் கிருமியில்தான் அது பொருந்தும். இன்றைய எலைசா தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். குழியின் அடியில் வைரஸின் புரதத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். நம் ரத்தநீரை அதில் விட்டால், எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். ஒட்டியிருப்பதைக் காட்டிக்கொடுக்க நொதி கோத்த இன்னொரு பொருளை விடுவார்கள். கடைசியாக ஊற்றுகிற திரவத்தை அந்த நொதி நிறம் மாற்றும். நிறம் வந்தால், அந்தக் கிருமியை இந்த உடம்பு சந்தித்திருக்கலாம் என்று பொருள். சில சமயம் வேறு காரணத்தாலும் நிறம் வருவதுண்டு. அதனால்தான் இரண்டாவது சோதனை.

இதே முறைதான் எலிக்காய்ச்சலுக்கும் பயன்படுகிறது. மலையாளத்தில் எலிப்பனி என்பார்களே, அதுதான். எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகக் கிருமி ஏறுகிறது. மழைக்காலத்தில் ஈர மண்ணில் நின்று வேலை பார்க்கிற நமக்கு இது தூரத்து வியாதியல்ல. காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் எதிர்ப்பொருள் போதுமான அளவு ஊறியிருக்காது. ஆகவே அப்போது 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்தாலும் மருத்துவர் மீண்டும் ரத்தம் கேட்பார். "சும்மா சும்மா ரத்தம் எடுக்கிறாங்க" என்று நம் ஆட்கள் சலித்துக்கொள்வதுண்டு. காரணம் இதுதான். காய்ச்சலோடு கண் மஞ்சளாகி, கெண்டைக்கால் கடுமையாக வலித்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ரத்தம் கொடுத்தவர்கள்

இந்த வரலாற்றில் நம் மனதை உறுத்துகிற ஒரு பக்கமும் உண்டு. எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பிற்காலத்தில் பேட்டியில் கூறியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அடைபட்டு இருந்த அவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கத்தான் முடியுமா? நாடு முழுக்க எச்சரிக்கையானதற்கு ரத்தம் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இன்று நிலைமை வேறு. மனிதரை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழு முதலில் அனுமதி தர வேண்டும். ரத்தம் கொடுப்பவருக்குப் புரிகிற மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் சோதிப்பதையும் முடிவை வெளியே சொல்வதையும் தடுக்கிறது.

'புரிகிற மொழி' என்ற சொல் நமக்கு மிக முக்கியம். கேரளத்து மருத்துவமனைகளில் மலையாளத்தில் நீட்டுகிற தாளில் நம்ம அம்மாமார் ஒன்றும் கேட்காமல் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். "இது எதுக்குங்க? தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அது நம் உரிமை. கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்கிற ரத்தம் ஆய்வுக்கும் நல்லது. நம்பிக்கை வந்தவர்தான் மறுபடியும் வந்து மாதிரி கொடுப்பார், மருந்தையும் முழுசாகச் சாப்பிடுவார்.

நம் பிள்ளைகளுக்கு

பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்கிற பிள்ளைகளிடம், ஊசி போடுவது மட்டும் வைத்தியம் இல்லை என்று சொல்லுங்கள். நுண்ணுயிரியலுக்குத் தேவை பொறுமை, சுத்தம், 'இருக்காது' என்று ஊரே சொன்னாலும் பார்த்துவிட்டுப் பேசுகிற குணம். கொழுந்தைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லும் கண்ணும், மழையில் சலிக்காமல் நிற்கும் பொறுமையும் நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கின்றன. அவை அவர்கள் பிள்ளைகளுக்கும் வரும். அந்தப் பிள்ளைகள் நாளை ஆய்வகத்தில் உட்காரும்போது, கையிலிருக்கும் ஒவ்வொரு குழாயும் யாரோ ஒரு தாயின் ரத்தம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.